நட்சத்திரக் குறி

“அப்போ உனக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று அம்மா கேட்டாள். அந்தக் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதே ஏமாற்றம் எனக்குள்ளும் இருந்தது. நான்கு வருடமாக நாங்கள் இருவரும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை விழுங்கி, காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, அந்த ஒரு மணி நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்போம். இப்போது டாக்டர் என் மாத்திரை தேவையில்லை என்கிறார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே இது? ஆனால் கையிலிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இரண்டு வாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று யோசித்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது.

கதை ஆரம்பித்தது என் முப்பத்தொன்பதாவது வயதில். ஒரு மோசமான காய்ச்சல் வந்து போயிருந்தது. போய் மூன்று வாரம் ஆகியும் உடம்பு எழுந்திருக்க மறுத்தது. முடி கொட்டியது, படித்த வரியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது, மாலை நான்கு மணிக்கே கண் சொருகியது. சரி, முழு உடல் பரிசோதனை ஒன்று செய்துகொள்வோம் என்று போனேன். வந்த அறிக்கையில் நாற்பது எண்கள், அதில் ஒன்று மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தோடு. டிஎஸ்எச், அதாவது தைராய்டை வேலை செய்யச் சொல்லும் ஹார்மோன், 6.8. இருக்க வேண்டியது 0.4 முதல் 4.2 வரையாம். அதற்குக் கீழே இருந்த டி4, அதாவது தைராய்டு உண்மையிலேயே சுரக்கிற ஹார்மோன், எந்தக் குறையும் இல்லாமல் நடுவில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “அம்மாவுக்குத் தைராய்டு இருக்கா?” இருக்கு என்றேன். 25 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்.

“தைராய்டு இருக்கா” என்ற கேள்வியை நாம் எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறோம் பாருங்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது, கழுத்தில். சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, தைராய்டு இருக்கு என்று உறுப்பின் பெயரையும் அளவின் பெயரையுமே நோயின் பெயராக்கிவிட்டோம். அப்புறம் அளவு எது நோய் எது என்று பிரித்துப் பார்க்க மனசு பழகாமலே போய்விடுகிறது.

அம்மாவுக்கு இருந்தது நோய். அதில் சந்தேகமே கிடையாது. கண்டுபிடித்த அன்று அவளுடைய டிஎஸ்எச் நூறைத் தாண்டியிருந்தது, டி4 தரையில் கிடந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் குரல் கட்டையாகிப் போய், தொலைபேசியில் பேசுகிறவர்கள் அப்பா என்று நினைத்தார்கள். எல்லோரும் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும் வேளையில் அவள் போர்வை கேட்டாள். முகம் உப்பி, பேச்சு இழுத்து, ஒரு கேள்விக்குப் பதில் வர அரை நிமிடம் ஆனது. வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம் (இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது). மாத்திரை ஆரம்பித்து ஆறு மாதத்தில் பழைய அம்மா திரும்பி வந்தாள், பழைய கோபத்தோடு.

1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இதே நிலையில் இருந்த நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் வாழ்ந்து 1919இல் இறந்தார். ஹார்மோன் என்ற சொல்லே 1905இல்தான், ஸ்டார்லிங்கின் உரைகளில் வருகிறது. பெயர் வைப்பதற்கு முன்பே ஒருவர் அதைக் கொடுத்து ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டார். அந்தப் பெண்ணும் என் அம்மாவும் ஒரு கட்சி. நானும் அதே கட்சிதான் என்று நான்கு வருடம் நம்பினேன்.

கோடு யார் போட்டது

டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல் அது. டி4 லேசாகக் குறைந்தால் போதும், பிட்யூட்டரி தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிடும். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்குகூட ஏறும். இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிக்கொடுப்பதால்தான் உலகம் முழுக்க முதலில் இதை அளக்கிறார்கள். அதே காரணத்தால்தான் இது ஏமாற்றவும் செய்கிறது. இரவில் ஏறும், பகலில் இறங்கும். தூங்காமல் கிடந்தால் ஏறும். பெரிய காய்ச்சலிலிருந்து உடம்பு தேறி வரும் வாரங்களில் கொஞ்ச நாள் ஏறி நின்றுவிட்டு, பிறகு தானாக இறங்கும். என் ரத்தம் எடுத்தது காய்ச்சல் போன மூன்றாவது வாரம், காலை ஏழு மணிக்கு, இருமலால் தூங்காத ஒரு இரவுக்குப் பிறகு.

அந்த 4.2 என்ற கோடு எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமானவர்கள் பல பேரின் ரத்தத்தை எடுத்து, அளவுகளை வரிசையாக அடுக்கி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் இருப்பதை இயல்பு என்கிறார்கள். அதாவது கணக்குப்படியே நூறு நல்ல ஆட்களில் ஐந்து பேருக்கு நட்சத்திரம் விழுந்தாக வேண்டும். இந்தக் கோடும் அசையாத கோடு இல்லை. 2003 வாக்கில் அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் ஒன்று மேல் எல்லையை 3 என்று இறக்கச் சொன்னது. அப்படி இறக்கினால் ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கானவர்கள் நோயாளி ஆகிவிடுவார்களே என்று எதிர்த்தரப்பு கேட்டது. இன்னொரு பக்கம், அதே நாட்டின் தேசிய ஆய்வுத் தரவை 2007இல் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், இருபதுகளில் இருப்பவர்களுக்கு மேல் எல்லை 3.56 என்றால் எண்பதைத் தாண்டியவர்களுக்கு 7.49 என்று காட்டினார்கள். ஏழு என்பது ஒரு பாட்டிக்கு இயல்பு, பேத்திக்கு நட்சத்திரம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது டென்மார்க்கில் நடந்த ஒரு குட்டி ஆய்வு, 2002இல் வெளியானது. ஆரோக்கியமான பதினாறு ஆண்கள், மாதம் ஒரு தடவை, ஒரு வருடம் ரத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொருவருடைய அளவும் தனக்கென்று ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே ஊசலாடியது. அந்த எல்லை, அறிக்கையில் அச்சாகும் எல்லையில் ஏறக்குறைய பாதி அகலம்தான். அப்படியென்றால் 3 என்பது ஒருவருக்கு வீடு, இன்னொருவருக்கு வீட்டை விட்டு வெகுதூரம். அறிக்கையில் அச்சாவது ஊராரின் கோடு. நம் கோடு எங்கே என்று அதில் எங்கும் இல்லை.

முதல் ரிப்போர்ட்

நான்கு வருடத்தில் என் மாத்திரை 25இலிருந்து 50 ஆகி, 75 ஆனது. சோர்வு குறையவில்லை, அதனால் டோஸைக் கூட்டினார்கள். கூட்டச் சொல்லிக் கேட்டதில் எனக்கும் பங்கு உண்டு, பழியை அடுத்தவர் மேல் மட்டும் போட்டால் நியாயமில்லை. முதல் மூன்று மாதம் நன்றாக இருந்த மாதிரிதான் தோன்றியது. பிறகு பழைய கதை. கடைசியில் மார்பு படபடப்பு ஆரம்பித்தது. படி ஏறினால் சரி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் ஓடியது. அதற்காகத்தான் வேறொரு டாக்டரிடம் போனேன், தைராய்டுக்காக அல்ல.

அவர் என் கோப்பைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தார். இதுவரை எல்லோரும் மேலே இருக்கும் கடைசி அறிக்கையை மட்டும் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று தலையாட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். “முதல் ரிப்போர்ட் இதுதானா?” என்றார். ஆமாம். “இதுக்கும் மாத்திரை ஆரம்பிச்சதுக்கும் நடுவுல இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்தீங்களா?” இல்லை. “அன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?” காய்ச்சல் கதையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சம்பந்தமே இல்லாத மாதிரி, “ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?” என்று கேட்டார். பன்னிரண்டு, பன்னிரண்டரை. “எழுந்திருக்கிறது?” ஐந்து. “ஏன் அஞ்சு மணிக்கு?”

மாத்திரை போட, டாக்டர்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் என் காதிலேயே விழுந்தது. சோர்வுக்காக மாத்திரை, மாத்திரைக்காக ஐந்து மணி, ஐந்து மணியால் சோர்வு. அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. நான்கு வருடத்தில் யாரும் என் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? சோர்வுக்குக் காரணம்தான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே. எனக்குக் கோபம் வந்தது மாத்திரையின் மேல் அல்ல. அந்த நட்சத்திரம் கேள்விகளை நிறுத்திவிட்டது, அதுதான் கோபம்.

வீட்டுக்கு வந்து நான் செய்தது எல்லோரும் செய்வதுதான், ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். டி4 இயல்பாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறியிருக்கும் என் நிலைக்கு என்று பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியாகியிருந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்விட்சர்லாந்து என்று நான்கு நாடுகளில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேர். பாதிப் பேருக்கு லெவோதைராக்சின் (நான் விழுங்கிய அதே மாத்திரை), பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை; யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களின் டிஎஸ்எச் சராசரி 6.4இலிருந்து 3.6க்கு வந்தது. போலி மாத்திரைக்காரர்களுக்கு 5.5. எண் சொன்ன பேச்சைக் கேட்டது. சோர்வும் மற்ற அறிகுறிகளும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த ஆய்வில் என் கண்ணை உறுத்திய இன்னொரு விஷயம்: அதில் சேர வேண்டுமென்றாலே, மூன்று மாத இடைவெளியாவது விட்டு இரண்டு தடவை அளவு கூடியிருக்க வேண்டும். என்னை அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவர்கள் வயதானவர்கள், எனக்கு நாற்பத்துமூன்றுதானே என்று எனக்கும் தோன்றியது. அடுத்த வருடமே 21 ஆய்வுகளை, மொத்தம் 2,192 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் வந்தது, முடிவு மாறவில்லை. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், இந்த நிலையில் இருக்கும் பெரும்பாலான வயதுவந்தவர்களுக்கு மருந்து வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்கு முயல்கிறவர்கள், டிஎஸ்எச் 20ஐத் தாண்டியவர்கள், அறிகுறிகள் கடுமையாக இருப்பவர்கள் எல்லாம் இந்தப் பேச்சில் சேர மாட்டார்கள், மிகவும் இளையவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம் என்றது. இஸ்ரேலில் பெரியதொரு கூட்டத்தை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 5.5க்கும் 10க்கும் நடுவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் அடுத்து எடுத்த பரிசோதனையில் இயல்புக்குத் திரும்பியிருந்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாராவது தானாக மாத்திரையை நிறுத்தினால் எனக்கு அம்மாவிடம் உதை விழும். அவளைப் போன்றவர்கள் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.)

எண் பொய் சொல்லும் நாள்

என் தோழி ஒருத்திக்கு நேர்மாறாக நடந்தது. டிஎஸ்எச் அதலபாதாளத்தில், டி4 உச்சத்தில், தைராய்டு வெறிபிடித்து ஓடுகிறது என்று காகிதம் சொன்னது. அவளோ நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, எடைகூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் குற்றவாளி முடி வளர அவள் சாப்பிட்ட பயோட்டின் மாத்திரை. பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே பசையாக வைத்திருக்கின்றன. ரத்தத்திலும் அது அளவுக்கு மீறி நீந்தினால் பசை குழம்பிப்போய், டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்ததில் அவளுக்கு எல்லாம் சரி. ஆளைப் பார்த்த ஒரு மருத்துவர் கிடைத்ததால் தப்பித்தாள்.

வைட்டமின் டி கதையும் இதே குடும்பம்தான். பெயர் வைட்டமின் என்றாலும் அது வேலை செய்வது ஹார்மோனாக. 2011இல் எண்டோகிரைன் சொசைட்டி என்ற இன்னொரு ஹார்மோன் மருத்துவர் சங்கம், ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 30 நானோகிராம் என்று ஒரு கோடு போட்டது, உலகத்தில் எத்தனையோ பேர் குறைபாடு உள்ளவர்களானார்கள். அப்புறம் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில், பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை எலும்பு முறிவைக்கூடக் குறைக்கவில்லை. 2024இல் அதே சொசைட்டி, அந்தக் கோட்டை இனி நாங்கள் ஆதரிக்கவில்லை, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையே எடுக்க வேண்டாம் என்றது. போட்டவர்களே அழித்தார்கள். எனக்கு அதில் மரியாதைதான், கிண்டல் இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று வருட நட்சத்திரங்களை யார் வந்து அழிப்பது?

இப்படியே எழுதிக்கொண்டு போனால் பரிசோதனையே தேவையில்லை என்று நான் சொல்வதாக ஆகிவிடும். இல்லை. கோடு சில இடங்களில் ஆட்களை அள்ளிப் போடுகிறது, சில இடங்களில் கோட்டை விடுகிறது. 1955இல் ஜெரோம் கான் என்ற மருத்துவர் விவரித்த நோய் ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பொட்டாசியம் குறைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அதுவும் அபூர்வம் என்றே பல காலம் பாடம் நடந்தது. இப்போது பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது. 2020இல் வந்த ஒரு ஆய்வு, இந்த மிகைச்சுரப்பு உண்டு இல்லை என்று இரண்டாகப் பிரிவதே இல்லை, ரத்த அழுத்தம் கூடக்கூட அதுவும் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டியது. 2025இல் வந்த வழிகாட்டுதல், ரத்தக் கொதிப்பு உள்ள எல்லோருக்கும் ஒரு தடவை இதைப் பார்த்துவிடலாம் என்கிறது. வெறும் பிரஷர் என்று வருடக்கணக்கில் மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்ட எத்தனையோ பேருக்கு இது இருந்திருக்கும். அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது, யாரும் போடவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை, விழுந்தது.

அப்புறம்

மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. 75ஐ 50 ஆக்கி, 25 ஆக்கி, பிறகு விட்டோம். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும் என்பதால் ஒவ்வொரு படிக்கும் ஆறு வாரம் காத்திருப்பு. படபடப்பு 50க்கு வந்தபோதே அடங்கிவிட்டது. இந்த மாத்திரை தேவைக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம் என்பதெல்லாம் பழைய விஷயம்தான். என் உடம்பில் நடக்கும்வரை அது எங்கோ துண்டுச்சீட்டில் இருந்த வரி.

கடைசி அறிக்கை போன மாதம் வந்தது. டிஎஸ்எச் 5.1. ஆமாம், நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளும் பார்த்தோம், அது இருக்கிறது. அம்மாவுக்கு இருக்கும் ஹாஷிமோட்டோவின், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோயின், கையெழுத்து. இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரில் இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின்படி, டிஎஸ்எச் ஏற்றமும் எதிர்ப்பொருளும் சேர்ந்து இருக்கும் பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு பேரைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்குத் தைராய்டு உண்மையிலேயே சோர்ந்துவிடுகிறது. ஆக என்றைக்காவது நான் அம்மாவின் கட்சியில் சேரலாம். “இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்போம், நடுவுல ஏதாவது மாறுச்சுன்னா வாங்க” என்றார் டாக்டர். நூற்றில் நான்கு என்பதைக் கேட்டுப் பயப்படுவதா, மீதித் தொண்ணூற்றாறைப் பார்த்துச் சமாதானம் ஆவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் ஒன்று தோன்றுகிறது, ராத்திரியில் இன்னொன்று.

சோர்வு? பாதி போயிருக்கிறது. பதினொரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறேன். மீதிப் பாதிக்கு என்னிடம் பெயர் இல்லை. என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது அதுதான் என்று இப்போது புரிகிறது. “தைராய்டு” என்று சொன்னால் போதும், அலுவலகத்தில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், நானும் என்னை மேலே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வேலை அதிகம், நாற்பதைத் தாண்டியாயிற்று, ஒரு வருடமாக மனசு சரியில்லை என்பதற்கெல்லாம் எந்த ஆய்வகமும் அளவு போட்டுத் தருவதில்லை.

அம்மாவிடம் 5.1ஐயும் எதிர்ப்பொருளையும் சொன்னேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. “நான்தான் சொன்னேனே, என் பொண்ணுக்கு என்னை மாதிரிதான் இருக்கும்னு” என்றாள். பிறகு தான் என்ன சொன்னோம் என்று உறைத்து, “ஒண்ணும் வராது, சும்மா இரு” என்று என்னையே அதட்டினாள்.

ஐந்து மணி அலாரத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. அடிக்கிறது. அடுத்த அறையில் மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம், பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.